கஞ்சாவைத் தராசில் ஏற்றியவர்

கேள்வி இது: "ரஃபேல் மெஷூலத்தைக் கஞ்சா ஆராய்ச்சியின் தந்தை என்கிறார்கள். மூளையைப் பற்றிய அறிவியலில் அவரால் உண்மையில் என்ன மாறியது? அவ்வளவு பெரிய ஆள் என்றால் நோபல் பரிசு ஏன் கிடைக்கவில்லை? இன்னொன்று, என் அக்கா மகனுக்கு வலிப்பு நோய். சிபிடி எண்ணெய் நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, வாங்கிக் கொடுக்கலாமா?"

மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் மருந்தியல் பாடம் எடுக்கிறவன். நரம்பு மருத்துவன் இல்லை. கடைசிக் கேள்விக்கு வரும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். மெஷூலம் மூளை விஞ்ஞானி இல்லை. கரிம வேதியியல்காரர். நரம்பணுவில் மின்முனையைச் செருகி அளந்தவரோ, எலியின் மரபணுவை நீக்கிப் பார்த்தவரோ இல்லை. அவர் வேலையெல்லாம் பிசினைக் கரைப்பது, பிரிப்பது, சுத்தம் செய்வது, கிடைத்த பொருளின் அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பது, பிறகு அதையே குடுவையில் செய்து காட்டுவது. மூளை விஞ்ஞானிகள் ஏன் அவரைக் கொண்டாடுகிறார்கள் என்றால், 'எவ்வளவு?' என்ற கேள்வியைக் கஞ்சாவைப் பற்றிக் கேட்க முடிந்ததே அவருக்குப் பிறகுதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். அபினிலிருந்து மார்ஃபீனை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். கோக்கா இலையிலிருந்து கொக்கைன் அதே நூற்றாண்டின் நடுவில் வந்துவிட்டது. கஞ்சா மட்டும் 1964 வரை பிடிகொடுக்கவில்லை. காரணம் ரொம்ப எளிமையானது. மார்ஃபீனிலும் கொக்கைனிலும் நைட்ரஜன் உண்டு. அமிலத்தோடு சேர்த்தால் உப்பாகி, படிகமாகக் கீழே இறங்கிவிடும். கஞ்சாவில் இருப்பவை நைட்ரஜன் இல்லாத, எண்ணெய்ப் பசையான சேர்மங்கள். அச்சு அசலாக ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும் டஜன் கணக்கான உறவினர்கள் ஒரே பிசினுக்குள் ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள். பழைய முறைகளால் அவர்களைத் தனித்தனியாக உட்காரவைக்க முடியவில்லை.

இதன் விளைவை நம் நாட்டிலேயே பார்க்கலாம். 1839-இல் கல்கத்தாவில் வில்லியம் ப்ரூக் ஓஷானஸி என்ற ஐரிஷ் மருத்துவர், உள்ளூரில் கஞ்சா பயன்படுவதைப் பார்த்து, விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். பிறகு மூட்டுவாதம், டெட்டனஸ், ஒரு கைக்குழந்தையின் வலிப்பு ஆகியவற்றுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதன் பிறகு ஐரோப்பிய மருந்துக் கடைகளில் கஞ்சாச் சாறு புட்டிகளில் விற்றது. ஆனால் ஒரு புட்டி ஆளையே சாய்த்துவிடும், அடுத்த புட்டி தண்ணீர் மாதிரி இருக்கும். எந்தப் புட்டியில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் சலித்துப்போய்க் கைவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சட்டத் தடைகள் வந்தது அதற்கும் பிறகுதான்.

மெஷூலம் 1930-இல் பல்கேரியாவின் சோபியாவில் ஒரு யூத மருத்துவரின் மகனாகப் பிறந்தார். போர்க்காலத்தில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் குடும்பத்தை ஊர் ஊராக அலையவிட்டன. தகப்பனார் வதைமுகாமுக்குப் போய் உயிரோடு திரும்பினார். 1949-இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ராணுவச் சேவையில் பூச்சிக்கொல்லி ஆராய்ச்சி, வைஸ்மன் நிறுவனத்தில் முனைவர் பட்டம், நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் சில காலம், திரும்ப வைஸ்மன். முப்பது வயதில் என்ன செய்யலாம் என்று பழைய ஆய்வுகளைப் புரட்டியபோது, அவர் கண்ணில் பட்டது ஓர் ஓட்டை: உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு போதைப் பொருளின் செயல்படு சேர்மம் எதுவென்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ராஜர் ஆடம்ஸ், இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டாட் என்ற பெரிய ஆட்கள் 1940-களில் முயன்று, பாதியில் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

சரக்கு வேண்டுமே! நிறுவனத்தின் நிர்வாகி தமக்குத் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரிக்குத் தொலைபேசி போட்டார். ஆள் நம்பகமானவரா என்று கேட்டார்கள், ஆமாம் என்றார், அவ்வளவுதான். லெபனானிலிருந்து கடத்தப்பட்டுப் பிடிபட்ட 5 கிலோ ஹஷீஷை, அதாவது கஞ்சாப் பிசினை, மெஷூலம் பையில் போட்டுக்கொண்டு டெல் அவீவிலிருந்து நிறுவனம் இருக்கும் ரெஹோவோத்துக்குப் பேருந்தில் வந்தார். என்ன வாசனை இது என்று பயணிகள் முகத்தைச் சுளித்தார்களாம். போலீசுக்கு அதைக் கொடுக்க அதிகாரமே இல்லை, சுகாதார அமைச்சகத்தின் அனுமதி வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இவரும் சட்டத்தை மீறியவர், கொடுத்தவர்களும் மீறியவர்கள். மன்னிப்புக் கேட்டு, காப்பி குடித்து, முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டார். இந்தக் கதையை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நம் ஊர் ஆய்வாளர்கள் யாரும் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த 5 கிலோவிலிருந்து 1963-இல் யுவால் ஷ்வோவுடன் சேர்ந்து, கஞ்சாவில் இருக்கும் போதை தராத சேர்மமான சிபிடியின் கட்டமைப்பைத் தெளிவாக்கினார். 1964-இல் யெஹியேல் காவோனியுடன் சேர்ந்து டிஎச்சி என்ற இன்னொரு சேர்மத்தைச் சுத்தமாகப் பிரித்து, அதன் கட்டமைப்பையும் வெளியிட்டார். போதை தருவது எது என்பதைக் கண்டுபிடித்த விதத்தைப் பாருங்கள். பிரித்த ஒவ்வொரு பகுதியையும் ஹபீப் எடெரி என்ற மருந்தியலாளர் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மற்றவையெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. டிஎச்சி கொடுத்த குரங்குகள் மட்டும் சாதுவாகி ஒரு மூலையில் மயங்கி உட்கார்ந்தன.

அடுத்து மனிதர்கள். மெஷூலத்தின் மனைவி டாலியா கேக் செய்தார். வீட்டுக்கு வந்த நண்பர்களில் ஐந்து பேர் சாப்பிட்ட துண்டில் தலா 10 மில்லிகிராம் டிஎச்சி, மற்ற ஐந்து பேருடையது வெறும் கேக். வெறும் கேக் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களில் ஒருவர் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே ஓயாமல் பேசினார். ஒருவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்குக் கையெழுத்துப் போடாது. இருந்தாலும் அதில் ஒரு புது விஷயம் இருந்தது. இன்னதென்று தெரிந்த ஒரே மூலக்கூறு, எடைபோட்ட அளவு, ஆனால் ஆளுக்கு ஆள் வேறு விளைவு. அப்படியென்றால் வேறுபாடு சரக்கில் இல்லை, மூளையில் இருக்கிறது. 1964-க்கு முன்னால் இந்த வாக்கியத்தைச் சொல்ல யாருக்கும் ஆதாரம் இருந்ததில்லை.

பணத்துக்காக அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். கஞ்சா அமெரிக்கப் பிரச்சினை இல்லை, வேறு எதையாவது ஆராயும்போது வாருங்கள் என்ற தொனியில் பதில் வந்தது. கொஞ்ச காலத்தில் அங்கிருந்தே டேனியல் எஃப்ரான் என்ற மூத்த மருந்தியலாளர் நேரில் வந்து நின்றார். யாரோ ஒரு செனட்டரின் மகன் கஞ்சா புகைத்துப் பிடிபட்டதும், அது மூளையை என்ன செய்யும் என்று அந்தத் தகப்பன் கேட்டதும், நிறுவனத்தில் யாருக்கும் பதில் தெரியாமல் விழித்ததும்தான் காரணம் என்பது மெஷூலம் சொல்லும் கதை. பெயரை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. கைவசம் இருந்த சுத்த டிஎச்சி சுமார் 10 கிராம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே நடந்த முதல் ஆய்வுகள் பல அதை வைத்து நடந்தவை. அதன்பிறகு அமெரிக்க நிதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு வந்துகொண்டிருந்தது.

இனி மூளைக்கு வருவோம். அவர் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையில் அளக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ இதுதான் சுவையான இடம்.

1970-கள் முழுக்கவும், 1980-களின் பெரும்பகுதியிலும், டிஎச்சிக்கு மூளையில் தனி ஏற்பி (குறிப்பிட்ட மூலக்கூறு சாவி போல வந்து பொருந்தும் புரதப் பூட்டு) எதுவும் இல்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். அது கொழுப்பில் கரையும் பொருள். நரம்பணுவின் உறையும் கொழுப்பு. அதனால் மயக்க மருந்து போலப் பொத்தாம்பொதுவாக உறைக்குள் கரைந்து வேலை செய்கிறது என்பது அன்றைய எண்ணம். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் ஒரே தோல், ஒரே எடை, ஒரே தையல். ஆனால் ஒன்றுக்கு ஒன்று கண்ணாடிப் பிம்பம். தண்ணீரில் போட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் நனையும். காலில் போட்டால்தான் வேறுபாடு தெரியும். மூலக்கூறுகளிலும் இப்படி வலது, இடது உண்டு. வெறுமனே கொழுப்பில் கரைவதுதான் விஷயம் என்றால், இரண்டு பிம்பங்களும் ஒரே விளைவைத் தர வேண்டும். குறிப்பிட்ட வடிவத்தில் ஓர் ஏற்பி இருந்தால் ஒன்று மட்டும் பொருந்தும்.

ஆரம்பச் சோதனைகளில் 'தவறான' பிம்பமும் கொஞ்சம் வேலை செய்தது. அதனால் ஏற்பி இல்லை என்ற எண்ணம் வலுத்தது. மெஷூலம் குழுவுக்கு ஒரு சந்தேகம்: இந்தச் செருப்புக் குவியலில் எதிர்க்கால் செருப்பு சில கலந்திருக்கிறதோ? எச்யு-210, எச்யு-211 என்ற இணையைத் தயாரித்து, ஒன்றில் மற்றொன்றின் வாடைகூட இல்லாத அளவுக்குப் படிகமாக்கிப் படிகமாக்கிச் சுத்தம் செய்தார்கள். (எச்யு என்பது அவர் 1960-களின் நடுவில் போய்ச் சேர்ந்த யெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகள்.) இப்போது இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஒன்று மிகக் கொஞ்சத்திலேயே விலங்குகளை வீழ்த்தியது. மற்றொன்று எவ்வளவு கொடுத்தாலும் போதை தரவில்லை. அதே காலத்தில், 1988-இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹவ்லெட்டும் அவர் மாணவர் வில்லியம் டிவேனும், பைசர் நிறுவனம் தயாரித்திருந்த ஒரு செயற்கைச் சேர்மத்துக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு, எலி மூளையில் ஏற்பி இருப்பதை நேரடியாகவே காட்டிவிட்டார்கள். 1990-இல் லிசா மட்சுடா குழு அதன் மரபணுவைப் பிடித்தது. அதற்கு சிபி1 என்று பெயர். அதே 1990-இல் மைல்ஸ் ஹெர்கன்ஹாம் மூளையில் அது எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டார். நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸில் நெருக்கம், அசைவைச் சீராக்கும் அடித்தள முடிச்சுகளிலும் சிறுமூளையிலும் நெருக்கம். மூச்சையும் இதயத்தையும் நடத்தும் மூளைத்தண்டில் மட்டும் அரிது. கஞ்சா அடித்தவன் ஏன் சொன்னதை மறக்கிறான், ஏன் தள்ளாடுகிறான், அபின் அளவுமீறியவன் போல ஏன் மூச்சு நின்று சாவதில்லை என்ற மூன்று பழைய கேள்விகளுக்கும் அந்த ஒரே படத்தில் விடை கிடைத்தது.

ஏற்பி இருக்கிறது, சரி. ஒரு செடியின் பிசினுக்காக நம் மூளை பூட்டு செய்து வைத்திருக்காது. உடம்பே தயாரிக்கும் ஏதோ ஒன்றுக்காகத்தான் அது இருக்க வேண்டும். ஹவ்லெட்டின் மாணவர் டிவேன் யெருசலேமுக்கு வந்து மெஷூலத்திடம் சேர்ந்தார். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து லுமீர் ஹனுஷ் வந்தார். பன்றி மூளையைக் கிலோ கணக்கில் அரைத்துத் தேடினார்கள். யெருசலேமில் பன்றி மூளை தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்து அவர்கள் கையில் எடுத்தது ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ராஜர் பெர்ட்வீ அதைச் சுண்டெலியின் திசுவில் சோதித்து, டிஎச்சி போலவே நடக்கிறது என்று உறுதி செய்தார். 1992 டிசம்பரில் கட்டுரை வந்தது. சமஸ்கிருதத்தில் ஆர்வம் கொண்டிருந்த டிவேன் பெயர் வைத்தார்: ஆனந்தமைடு. ஆனந்தம், அதோடு அந்த வேதிப்பிணைப்பைக் குறிக்கும் அமைடு. மகிழ்ச்சிக்கு ஹீப்ருவில் அவ்வளவு சொற்கள் இல்லை, அதனால்தான் இந்தியாவிடம் கடன் வாங்கினோம் என்று மெஷூலம் கிண்டலாகச் சொல்வார். பாடநூலில் இந்தச் சொல் வரும்போது வகுப்பில் ஏதாவது ஓர் ஆனந்தன் கட்டாயம் தலையைத் தூக்குவான்.

1995-இல் அதே ஆய்வகம் இரண்டாவது பொருளைக் கண்டது: 2-ஏஜி. ஜப்பானில் சுகியுரா குழுவும் அதே சமயத்தில் அதைக் கண்டது. மூளையில் ஆனந்தமைடைவிட இது பல மடங்கு அதிகம். பெயர் ராசி ஆனந்தமைடுக்கு, வேலைப் பளு 2-ஏஜிக்கு.

இவை என்ன வேலை செய்கின்றன என்பது 2001-இல்தான் தெளிவானது. நரம்பணுக்களின் பேச்சு பொதுவாக ஒருவழிப் பாதை. அனுப்புகிறவன் வேதிப்பொருளை விடுவான், பெறுகிறவன் வாங்கிக்கொள்வான். ஆனால் பெறுகிறவன் மிகையாகத் தூண்டப்பட்டால், அனுப்புகிறவனின் குரல் தணிகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. யார் போய்ச் சொல்கிறார்கள் என்பதுதான் புதிர். 2001-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்களும் ஜப்பானில் ஒரு குழுவும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தன: நம் உடம்பின் இந்தக் கஞ்சாச் சரக்குதான் தூதன். கச்சேரியில் சத்தம் காதைப் பிளந்தால், முன்வரிசை ரசிகர் மேடையைப் பார்த்துக் கையை அமர்த்திக் காட்டுவார் இல்லையா, அதுபோல. பெறும் அணு தன் உறையின் கொழுப்பிலிருந்தே 2-ஏஜியை அந்தக் கணத்தில் வெட்டி எடுத்து, எதிர்த்திசையில் அனுப்புகிறது. அது அனுப்பும் அணுவின் சிபி1 ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் கால்சியம் நுழைவது குறைந்து, சத்தம் தணிகிறது. வேலை முடிந்த சில கணங்களில் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. முன்கூட்டித் தயாரித்துச் சேமித்து வைப்பதே கிடையாது.

இப்போது டிஎச்சி என்ன செய்கிறது என்று பாருங்கள். அது தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்ட கணத்தில் காட்டப்படும் சைகை இல்லை. அரங்கத்தில் இருக்கும் அத்தனை ஒலிபெருக்கியையும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் திருகிக் குறைத்துவிடுகிறது. தணிக்க வேண்டியதும் தணிகிறது, தணிக்கக் கூடாததும் தணிகிறது. வளரும் பருவத்து மூளையில், இணைப்புகள் இன்னும் தம்மைத் திருத்திக்கொண்டிருக்கும் வயதில் இது நல்லதில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு படம் போதும்.

வேறு சில உதாரணங்களையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த எலிக்குட்டிகளுக்கு சிபி1-ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்தால், அவை பால் குடிக்காமல் செத்துப்போகின்றன. எஸ்தர் ஃப்ரைடும் மெஷூலமும் சேர்ந்து செய்த ஆய்வு இது. 2002-இல் ஜெர்மனியில் ஒரு குழு, சிபி1 இல்லாத எலிகளால் பழைய பயத்தை உதற முடியவில்லை என்று காட்டியது. மணியடித்ததும் மின்னதிர்ச்சி தந்து பழக்கிய எலிக்கு, பிறகு அதிர்ச்சியே இல்லாமல் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால், சாதாரண எலி நாளடைவில் அலட்சியப்படுத்தும். இந்த எலிகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. மறப்பதும் மூளையின் ஒரு வேலை, அதற்கும் இயந்திரம் வேண்டும் என்று தெரிந்தது. 2019-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பெண்ணைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வலி இல்லை, கவலையும் கிட்டத்தட்ட இல்லை. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதி தொடர்பான மரபணு மாற்றம், இரத்தத்தில் ஆனந்தமைடு அதிகம்.

இவ்வளவும் படித்தால், மருந்துகள் வரிசையாக வந்து குவிந்திருக்கும் என்று தோன்றும். வரவில்லை. ரசிகர்கள் இந்த இடத்தில் மழுப்புவார்கள். சிபி1-ஐ அடைத்தால் பசி குறையுமே என்று ரிமோனபான்ட் வந்தது. 2006-இல் ஐரோப்பாவில் உடல்பருமனுக்கு அனுமதி. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைகாட்டவே, 2008-இல் எடுத்துவிட்டார்கள். இந்தியாவிலும் தடை ஆனது. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியை அடைத்தால் வலி போகுமே என்று ஒரு முயற்சி. பைசரின் மருந்து, மூட்டுவலிக்காரர்களிடம் ஆனந்தமைடை ஏற்றியது, வலியைக் குறைக்கவில்லை. வேறொரு நிறுவனத்தின் அதேவகை மருந்தை 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் சோதித்தபோது, ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் இறந்தார். மெஷூலத்தின் சொந்தப் பிள்ளையும் தப்பவில்லை. போதை தராத எச்யு-211 எலிகளின் மூளையைத் தலைக்காயத்திலிருந்து அழகாகக் காத்தது. 861 நோயாளிகளில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2006-இல் வந்தது: பலன் இல்லை. எச்யு-210-இன் கதை அதைவிடக் கசப்பு. ஏற்பியைத் தேடுவதற்காகச் செய்த கருவி, பின்னாளில் 'ஸ்பைஸ்' என்ற பெயரில் விற்ற செயற்கைப் போதைப் பொட்டலங்களில் பிடிபட்டது.

ஆனால் வேறொரு வகைத் தோல்வியும் இருக்கிறது. அதில் தவறு அவருடையது இல்லை. பிரேசிலின் சாவோ பாலோவில் எலிசால்டோ கார்லினி குழுவோடு சேர்ந்து, மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் 15 பேருக்கு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் சிபிடி, மற்றவர்களுக்குப் போலி மருந்து. சிபிடி பெற்ற 8 பேரில் 4 பேருக்கு வலிப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது, 3 பேருக்கு ஓரளவு முன்னேற்றம். போலி மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கு மட்டுமே தெளிவான முன்னேற்றம். வெளியானது 1980-இல். மேலே தொடர யாரும் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அது அப்படியே கிடந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் கடும் வலிப்புள்ள ஒரு சிறுமிக்குச் சிபிடி மிகுந்த சாறு உதவிய கதை 2013-இல் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் உலகம் விழித்தது. 2017-இல் டிராவெட் நோய்க்கூறு (குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் ஒரு கடும் வலிப்பு வகை) உள்ள 120 பேரில் முறையான சோதனை: சிபிடி பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 12.4 என்றிருந்த வலிப்பு இடைநிலை அளவில் 5.9 ஆனது, போலி மருந்தில் 14.9 என்பது 14.1 ஆனது. 2018 ஜூனில் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை: சிபிடி வலிப்பை அடக்குவது, இவ்வளவு நேரம் நான் அளந்த சிபி1 ஏற்பி வழியாக இல்லை, வேறு வழிகளில்.

இதே ரகத்தில் இன்னொன்று. 1995-இல் யெருசலேமில் குழந்தை மருத்துவர் ஆயா அப்ரஹாமோவுடன் சேர்ந்து, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் 8 குழந்தைகளுக்கு டெல்டா-8 வகை டிஎச்சியை எண்ணெய்த் துளியாகக் கொடுத்தார். வாந்தி முழுமையாக நின்றது. யாரும் பெரிதாக எடுத்துச் செய்யவில்லை என்று அவர் கடைசி வரை குறைபட்டுக்கொண்டே இருந்தார்.

நோபல் விஷயத்துக்கு வருகிறேன். பரிந்துரை ஆவணங்களை ஐம்பது ஆண்டுகளுக்குத் திறக்க மாட்டார்கள். அதனால் இது என் கணிப்பு. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. டிஎச்சி மெஷூலம், காவோனி. ஏற்பி ஹவ்லெட், டிவேன். மரபணு மட்சுடா. ஆனந்தமைடு மறுபடி டிவேன், ஹனுஷ், மெஷூலம். பின்னோக்கிய சைகைக்கு மூன்று குழுக்கள். எந்த மூவரை எடுத்தாலும் நியாயம் கேட்டு நாலாமவர் நிற்பார். மார்ஃபீனின் ஏற்பியையும் உடம்பின் சொந்த மார்ஃபீனையும் கண்டவர்களுக்கும் நோபல் கிடைக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கஞ்சா என்ற பெயரே குழுவைக் கூச வைத்திருக்கும் என்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இஸ்ரேல் பரிசு 2000-இல் கிடைத்தது. தொண்ணூறு வயதை நெருங்கும்போதும் சிபிடியின் மூல அமிலத்தைக் கெட்டுப்போகாத வடிவில் செய்வது எப்படி என்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2023 மார்ச் 9 அன்று யெருசலேமில் காலமானார். வயது 92.

கடைசியாக உங்கள் அக்கா மகன். நேரடியாகச் சொல்கிறேன்: வாட்ஸ்அப்பைப் பார்த்து வாங்காதீர்கள். சிபிடி மருந்து நிரூபணமானது டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ போன்ற சில குறிப்பிட்ட கடும் வலிப்பு வகைகளுக்கு. பையனுக்கு எந்த வகை என்பதை நரம்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, அவன் ஏற்கெனவே வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால், சிபிடி சேரும்போது கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும். க்ளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை எடுத்தால் தூக்கம் அள்ளும். பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மூன்றாவது, நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூமுனையையும் பிசினையும் தடுக்கிறது, தனி இலையை அந்த வரையறையில் சேர்க்கவில்லை. அந்த வழியாக 'விஜயா' என்ற பெயரில் இலைச் சாற்று எண்ணெய்கள் ஆயுர்வேத உரிமத்தோடு விற்கின்றன. அவற்றில் சிபிடியோடு டிஎச்சியும் இருக்கலாம்.

பிறகு, ஒரு கணக்கு. எபிடியோலெக்ஸின் வழக்கமான அளவு, நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், தேவைப்பட்டால் 20 வரை. பையன் 20 கிலோ என்றால் நாளுக்கு 200 மில்லிகிராமாவது வேண்டும். ஆன்லைனில் பார்த்த புட்டியின் லேபிளில் சிபிடி எத்தனை மில்லிகிராம் என்று தேடுங்கள். மொத்தமே 500 என்று போட்டிருந்தால், அது இரண்டரை நாளுக்குத்தான் காணும். எண்ணே போடாமல் 'சுத்தமான இயற்கை எண்ணெய்' என்று மட்டும் போட்டிருந்தால், அது 1839-ஆம் ஆண்டுப் புட்டி. கீழே வையுங்கள்.